எதற்கென்று தெரிந்து சேர்த்தால் பணம் தங்குகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராயபுரம், ஆட்டோ ஓட்டுநர்:
எனக்கு இலக்கு தேதியோடுதான் வருகிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் தரும் சான்று), இன்ஷூரன்ஸ் இரண்டும்தான். முன்பெல்லாம் தேதி நெருங்கியதும் வட்டிக்கு அலைவேன். இப்போது போணிப் பணம் நேராகத் தனி டப்பாவுக்குப் போய்விடும். முதல் சவாரி ஐம்பது ரூபாயானாலும் சரி, ஏர்போர்ட் சவாரியானாலும் சரி. க்யூஆர் கோடில் கட்டினால் அதே தொகையை நோட்டாக எடுத்துப் போட்டுவிடுவேன். டப்பா வீட்டம்மாவிடம். அஞ்சு வருஷ இலக்கெல்லாம் நமக்கு ஆகாது சார், வருஷத்துக்கு ஒன்று என்றால்தான் மனசு நிற்கிறது.

பெரம்பூர், தையல் வேலை:
எனக்கு அஞ்சு வருஷம்தான் அண்ணா! வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், தெருவைப் பார்த்து ஒரு சின்னக் கடை பிடிக்க ஆசை. சென்னையில் அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பார்கள், தெரிந்ததுதானே. அதற்காகத் தபால் அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்புக் கணக்கு, மொத்தம் 60 தவணை. ஒரு ஏஜென்ட் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார்.

முதல் நாள் கார்டு எழுதும்போது "எதுக்கும்மா போடறே?" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது, "சும்மாதான், சேரட்டுமே" என்றேன். "சும்மா போட்டவங்கதான் பாதியில நிறுத்தறாங்க, சொல்லு" என்று விடவில்லை. சொன்னதும் கார்டு அட்டையின் மூலையில் 'கடை' என்று எழுதிவிட்டார்.

ஆடி வந்தால் எனக்கு இழுபறி. கல்யாணம் இல்லை, பிளவுஸும் இல்லை. "இந்த மாசம் விட்டுடுங்கக்கா" என்றேன். ஒரு தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம்; என் கணக்குக்கு 20 ரூபாய். அதற்கு யார் பயப்படுவார்கள்? அக்காவும் அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றி, முனையை அந்த எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு, "அப்ப இதை அடிச்சிடட்டுமா?" என்றார். பால்காரருக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவரிடம் பத்து நாள் தவணை சொல்லிக்கொண்டேன், அது வேறு கதை.

சோழிங்கநல்லூர், ஐ.டி. ஊழியர்:
கேட்க நன்றாக இருக்கிறது அக்கா, ஆனால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. சம்பளம் வந்த மறுநாளே வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் போதும். அதற்கு ஒரு பெயர் வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பெரம்பூர், தையல் வேலை:
தம்பி, பணம் உள்ளே போவதற்கு நீங்கள் சொல்வது சரி. வெளியே எடுக்காமல் இருப்பதற்கு? 12 தவணை ஒழுங்காகக் கட்டினால் கட்டியதில் பாதி வரை கடன் தருவார்கள். 3 வருஷம் முடிந்தால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம். நாத்தனார் வீட்டு விசேஷம் வந்தபோது எனக்கு இரண்டு வழியும் திறந்துதான் இருந்தன. பேர் இல்லாத பணமாக இருந்தால் அன்றைக்கே சீர்வரிசைக்குப் போயிருக்கும். "அது கடைப் பணம்" என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். மொய்யோடு நிறுத்திக்கொண்டோம்.

மேற்கு மாம்பலம், ஓய்வுபெற்ற கணக்கர்:
நகைச் சீட்டு போடுகிறவர்களுக்கு ஒன்று. இலக்கை ரூபாயில் வைக்காதீர்கள், கிராமில் வையுங்கள். பேத்தியின் காதுகுத்துக்காக மருமகள் ரூபாய்க் கணக்கில் சேர்த்தாள். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் அதற்குள் தங்கம் ஏறிவிட்டது. மனதில் வைத்திருந்த தோடும் சங்கிலியும் தோடு மட்டுமாகச் சுருங்கின.

சில கடைகளில் மாதத் தவணையை அன்றைய விலைக்கு எடையாகவே வரவு வைப்பார்கள். சிலவற்றில் கடைசிவரை பணமாகவே இருக்கும். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். சேதாரத்தில் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி, கல் வைத்த நகைக்கு உண்டா, நாணயமாக வாங்கலாமா, இதையெல்லாம் அட்டையிலேயே காட்டச் சொல்லுங்கள். இந்தச் சீட்டுகளைப் பெரும்பாலும் 11 மாதம் என்று வைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. கம்பெனிகளின் டெபாசிட் பற்றிய 2014 விதிகள்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கழித்துவிட வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும், அதற்கு வேறு கெடுபிடிகள். நமக்கும் நல்லதுதான், ஆட்டோத் தம்பி சொன்ன மாதிரி வருஷத்துக்குள் முடிகிற இலக்கு.

சோழிங்கநல்லூர், ஐ.டி. ஊழியர்:
சரி அக்கா, கடை பிடித்தீர்களா இல்லையா?

பெரம்பூர், தையல் வேலை:
கடைசி வருஷம் ஓடுகிறது. ஐயா சொன்னது எனக்கும் பொருந்துகிறது: நான் ரூபாயை எண்ணிக்கொண்டிருக்க, மெயின் ரோட்டு வாடகை ஏறிவிட்டது. உள் தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு மாத அட்வான்ஸ் போதும் என்கிறார்கள். மிஷினைப் போட்டால் ட்ரையல் பார்க்க இடம் இருக்காது, அதைத்தான் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.