புதுப்பிப்பு: படகு அடில தண்ணி சேர்ற கதை முடிஞ்சுது (இப்போதைக்கு)

போன வாரம் போட்டேனே, மலேசியாவுல லங்காவி தீவுல குவா ஊர் பக்கம் நங்கூரம் போட்டு நிக்கற நம்ம 34 அடி பாய்மரப் படகுல நைட்டு பூரா பில்ஜ் பம்ப் (படகு அடில சேர்ற தண்ணியை வெளிய தள்ற பம்ப்) ஓடுதுன்னு, அதுக்கான அப்டேட் இது.

குடிதண்ணி டேங்க் ஓட்டையா இருக்கும்னு பாதிப்பேர் சொன்னீங்க, சரின்னு அடில சேர்ந்த தண்ணில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு கரிச்சுது, அப்ப கடல் தண்ணிதான், அப்புறம் வேறெங்க தேட, நேரா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின்லேர்ந்து ப்ரொப்பெல்லரைச் சுத்தற தண்டு) வெளிய போற இடம்தான். எஞ்சின் ஓடறப்ப அங்க நிமிஷத்துக்கு ரெண்டு மூணு சொட்டு விழுந்தா நல்லது, ஷாஃப்ட் சூடாகாது. நமக்கு எஞ்சின் நின்னப்பவே நூல் மாதிரி ஊத்துச்சு.

அந்த இடத்துல இருக்கற நட்டை இன்னும் இறுக்கிப் பாத்தேன், தப்பு, எஞ்சின் ஓட்டின பத்து நிமிஷத்துல கை வைக்க முடியல அவ்ளோ சூடு. தண்ணி உள்ள வராம ஷாஃப்ட்டைச் சுத்தி அடைக்கறதுக்கு கயிறு மாதிரி இருக்குமே பேக்கிங், அதையே மாத்தியாகணும். வீட்டுக்காரி மூச்சைப் பிடிச்சுட்டு முங்கி தண்ணி உள்ள வராம வெளிப்பக்கம் ஷாஃப்ட்டைச் சுத்தி பிளாஸ்டிக் பை கட்டினா, நான் உள்ள குப்புறப் படுத்து பழசைக் கொக்கி போட்டு உருவினேன், கருகி கல்லு மாதிரி வந்துச்சு. புதுசு மூணு வளையம், வெட்டின வாய் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம தள்ளித் தள்ளி வச்சாச்சு.

இப்ப எஞ்சின் நின்னா சொட்டே இல்ல. பம்ப் நிக்காம ஓடினதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு, தண்ணி ஏறினா பம்பைத் தானா ஓட விடற ஃப்ளோட் சுவிட்ச்ல ஒரு கொத்து தலைமுடி சிக்கியிருந்துச்சு. யாரோடதுன்னு நான் கேக்கல.