செமிபலாட்டின்ஸ்க் கதிர்வீச்சு அளவீடுகள்: வெளியிடும்போது என்னென்ன சேர்க்க வேண்டும்?

புல்வெளி:
கசகஸ்தானில் சோவியத் அணுகுண்டுகளைச் சோதித்த செமிபலாட்டின்ஸ்க் தளத்தின் காமா கதிர்வீச்சு அளவீடுகளையும் மண் மாதிரி முடிவுகளையும் பொதுவில் போடத் தொகுக்கிறேன். இடம், தேதி, மைக்ரோசீவர்ட்/மணி (உடலில் படும் கதிர்வீச்சின் வீதம்) என்று அட்டவணையில் மூன்று நெடுவரிசை போதுமா? ஒன்றும் தென்படாத மாதிரிக்கு 0 போடலாமா? 1996-ன் மண் முடிவுகளை இப்போதையவற்றோடு ஒரே படத்தில் காட்டலாமா?

மண்மாதிரி:
போதாது. கருவியின் வகை, கடைசியாக அளவுத்திருத்தம் செய்த தேதி, தரையிலிருந்து உயரம் (வழக்கமாக 1 மீட்டர்), கருவி எண்ணிய நேரம், பின்னணியை (மாசு இல்லாமலே இருக்கும் கதிர்வீச்சை) கழித்தீர்களா என்பது, இவை எல்லாம் வேண்டும். மண்ணுக்கு ஆழம் முக்கியம். வெடிப்பில் உண்டான கதிரியக்கத் தனிமமான சீசியம்-137 மேல் 5 செ.மீ.க்குள்ளேயே இருந்தால், 20 செ.மீ. வரை வெட்டிய மாதிரி, 5 செ.மீ. மட்டும் வெட்டியதைவிட பெக்கரல்/கிலோவில் (ஒரு கிலோ மண்ணில் நொடிக்கு எத்தனை அணுச் சிதைவு) கால்பங்குதான் காட்டும். அதே இடம், அதே மாசு!

0 வேண்டவே வேண்டாம். கண்டறியும் வரம்பை (கருவி நம்பகமாகப் பிடிக்கும் மிகக் குறைந்த அளவை) எழுதி "அதற்குக் கீழ்" என்று போடுங்கள். மாதிரிக்கும் பின்னணிக்கும் ஒரே நேரம் எண்ணியிருந்தால், பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்டவும். பின்னணி 400 என்றால் வரம்பு சுமார் 96 எண்ணிக்கை.

நிறமாலை:
பழைய முடிவுகளை ஒரே தேதிக்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். சீசியத்தின் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) 30.1 ஆண்டு. 1996-ல் 1000 பெக்கரல்/கிலோ இருந்தது 2024-ல் சுமார் 525. ஆனால் டோஸ் வீதத்தை (மைக்ரோசீவர்ட்/மணி) இப்படித் திருத்தாதீர்கள். வெடிப்பு மையங்களில் யூரோப்பியம்-152 (13.5 ஆண்டு), கோபால்ட்-60 (5.27 ஆண்டு) கலந்திருக்கும், ஒவ்வொன்றும் தன் வேகத்தில் குறையும்.

இன்னொன்று, இதைத் தவறாமல் எழுதுங்கள்: காமா மீட்டருக்குப் புளூட்டோனியமும் ஸ்ட்ரான்ஷியம்-90-உம் ஏறக்குறையத் தெரியாது. தளத்துக்குள் நிலத்தடிச் சோதனை நடந்த டெகெலென் மலைச் சுரங்கங்களிலிருந்து வரும் ஓடைகளில் ஸ்ட்ரான்ஷியமும் டிரிட்டியமும் (கதிரியக்க ஹைட்ரஜன்) உண்டு. அங்கே மீட்டர் காட்டும் 0.15 மைக்ரோசீவர்ட்/மணியை மட்டும் போட்டால், படிப்பவர் அந்தத் தண்ணீரை ஆடுகளுக்குக் காட்டலாம் என்று நினைத்துவிடுவார்.

கட்டம்:
வரைபடத்தில் புள்ளிகளுக்கு இடையே நிறம் நிரப்பாதீர்கள். மாசு சீராகப் பரவவில்லை. வெடிப்பில் உருகிய கதிரியக்க மண் துணுக்கு ஒன்றே ஒரு மாதிரியை எகிற வைக்கும். நிரப்பினால் அந்த ஒரு துணுக்கு கிலோமீட்டர் கணக்கில் சிவப்பாகத் தெரியும். புள்ளியைப் புள்ளியாகவே விடுங்கள்.

ஆண்டு டோஸ் சொன்னால், எத்தனை மணி நேரம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பின்னணிக்கு மேல் 0.25 மைக்ரோசீவர்ட்/மணி என்றால், ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவருக்கு 2.19 மில்லிசீவர்ட், தினம் 4 மணி நேரம் மேய்ப்பவருக்கு 0.365. பொதுமக்களுக்கான 1 மில்லிசீவர்ட் வரம்பு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

புல்வெளி:
இடங்களின் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) எவ்வளவு துல்லியமாகக் கொடுக்கலாம்?

கட்டம்:
மேய்ச்சல் நிலங்களுக்கு முழுத் துல்லியம் கொடுங்கள். அங்கே போகிறவர்களுக்கு அது தேவை. டெகெலென் வேறு. புளூட்டோனியம் எச்சங்களை அங்கே பூட்டிவைக்கும் வேலை 2012 வரை நடந்தது; அவற்றைத் தேடி வருபவருக்கு நாமே வழி காட்டக் கூடாது. அந்தப் புள்ளிகளை 1 கி.மீ. கட்டத்துக்கு மாற்றி, மாற்றியதைப் பக்கத்து நெடுவரிசையில் குறித்துவிடுங்கள்.