ரென்ஃபீல்டு ஏன் ரத்தக்காட்டேரி ஆகவில்லை?

கடைசிப்பேருந்து:
டிராகுலா நாவலைப் போன வாரம்தான் முடித்தேன். 1931ல் வந்த படத்தை முதலில் பார்த்துவிட்டதால் ஒரு குழப்பம். படத்தில் ரென்ஃபீல்டுதான் கோட்டைக்குப் போய் அடிமையாகித் திரும்புகிறார். நாவலிலோ மனநல விடுதியில் ஈயும் சிலந்தியும் தின்றுகொண்டிருக்கிறார். டிராகுலா கடித்த லூசி ரத்தக்காட்டேரியாக மாறிவிடுகிறாள், அவள் தோழி மினா பாதி மாறுகிறாள், இவர் மட்டும் ஏன் கடைசிவரை வேலைக்காரர்? கடி வாங்கினால் எல்லாரும் மாற வேண்டாமா?

மண்விளக்கு:
கடி மட்டும் போதாது, அதனாலேயே சாகவும் வேண்டும். லூசிக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் கொடுக்கிறார்கள். நான் நர்ஸ், ரத்த வகை பார்க்காமல் ஏற்றும் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கும். நாவல் வந்தது 1897ல், ரத்த வகைகளை மருத்துவர் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்ததே 1901ல்தான். அத்தனை பேர் கொடுத்தும் லூசி செப்டம்பர் 20 அன்று இறக்கிறாள். அதற்கு அப்புறம்தான் எழுந்து வந்து குழந்தைகளைத் தேடுகிறாள்.

மினாவைக் கடித்ததோடு விடவில்லை. டிராகுலா தன் மார்பை நகத்தால் கீறி, அவள் பிடரியை அழுத்திக் குடிக்க வைக்கிறான். பூனைக்குட்டியின் மூக்கைப் பால் தட்டில் வைத்து அழுத்தும் குழந்தை மாதிரி இருந்தது என்று மனநல விடுதியின் டாக்டர் சீவர்ட் எழுதுகிறார். அதன்பின் அவன் மனதுக்குள் 'வா' என்றால் கடல் தாண்டியும் அவள் போயாக வேண்டும். ஆனால் அந்தக் கயிறு எதிர்ப்பக்கமும் இழுக்கிறது. டிராகுலாவைத் துரத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங் விடியற்காலையில் அவளை மயக்கத்தில் ஆழ்த்திக் கேட்டால், அவன் போகும் கப்பலில் தண்ணீர் மோதும் சத்தத்தைச் சொல்கிறாள். அவள் உயிரோடு இருக்கும்போதே டிராகுலா அழிந்ததால்தான் தப்பினாள்.

ரென்ஃபீல்டைக் கடித்ததாக நாவலில் எங்கும் இல்லை. அவரைக் கட்டிப்போட்டது ஆசை. ஈயைச் சிலந்திக்குப் போட்டு, சிலந்தியைக் குருவிக்குப் போட்டு, பூனைக்குட்டி கேட்டு, அது கிடைக்காமல் குருவிகளைத் தானே தின்ற மனிதர். அவருக்கு ஜன்னலுக்கு வெளியே ஆயிரக்கணக்கில் எலிகளைக் காட்டினால் போதாதா? 'உள்ளே வாருங்கள், எஜமானே' என்று அவரே அழைக்கிறார். வீட்டில் இருக்கும் ஒருவர் அழைக்காமல் டிராகுலாவால் முதல்முறை நுழைய முடியாது. அந்த ஒரு அழைப்புக்காகத்தான் அவனுக்கு இவர் தேவைப்பட்டார்.

கடி படாததால்தான் அவரால் எதிர்க்கவும் முடிந்தது என்று நினைக்கிறேன். மினா வெளிறிப்போய் வந்து நின்றபோது, தண்ணீர் விட்டுப் பெருக்கிய டீ மாதிரி இருந்தாள் என்கிறார். அன்றிரவு மூடுபனியாக வந்த எஜமானை வெறுங்கையால் இறுக்கிப் பிடிக்கிறார், அதற்காகவே சாகிறார். அவரை வெறும் பைத்தியமாகக் காட்டும் படங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

வடகரை:
நாவல்களுக்கு முன்னால் விதி இன்னும் கடுமை. செர்பியாவில் மெட்வெஜா கிராமம் பற்றி 1732ல் ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் எழுதிய அறிக்கையில், ரத்தக்காட்டேரி தாக்கிய ஆடுமாட்டின் இறைச்சியைத் தின்றவர்களும் மாறுவார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். ஆர்னோல்ட் பாவ்லே என்பவர் தப்பிக்க வேண்டி ரத்தக்காட்டேரியின் கல்லறை மண்ணைத் தின்றிருக்கிறார், அதன் ரத்தத்தையும் பூசிக்கொண்டிருக்கிறார். வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தவர், அப்படியும் திரும்பி வந்தார் என்றுதான் ஊர் நம்பியது.

கடைசிப்பேருந்து:
நன்றி மண்விளக்கு அக்கா. இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். ரென்ஃபீல்டு சாகக் கிடப்பதும் மினாவைக் குடிக்க வைப்பதும் ஒரே 21வது அத்தியாயத்தில் இருக்கின்றன. இன்றிரவு அதை மறுபடி படிக்கப் போகிறேன்.