தாரை வார்க்கும்போது கேமராவை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. மகள் கல்யாணம், பாம்பன் பக்கம் கடலோர மண்டபம், முகூர்த்தம் காலை 6–7.30. 50 மிமீ லென்ஸ் இருக்கிறது. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் கடல்காற்றின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியும். அதனால் பையை மூடியபடியே அரை மணி முன்னதாக மேடைப் பக்கம் வைத்துவிடுவேன்.

சிக்கல் எல்இடி விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. 1/100-ல் கோடு இல்லை, ஆனால் அட்சதை தூவும் கைகள் கலங்கிவிடுகின்றன. ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பினால் சரியாகுமா? அரக்குப் பட்டின் ஜரிகை வெளிறாமலிருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7 வைத்தால் போதுமா?

தாரை வார்க்கும்போது நான் மேடையில் நின்றாக வேண்டும், அதை விடவே முடியாது. ட்ரைபாடில் 2 நொடிக்கு ஒரு படம் ஓடவிட்டு, மணைப்பலகை மேல் ஃபோகஸைப் பூட்டலாமா? லென்ஸ் துவாரம் எஃப் 4-ல் மணமக்கள் இருவர் முகமும் தெளிவாக வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.