மனசுக்கு மாத்திரை எடுத்ததுல 12 கிலோ ஏறிருச்சு, நிறுத்திரலாமா?

வண்டியூர்க்காரி:
வணக்கம். எனக்கு வயசு 34, மதுரைல வண்டியூர் பக்கம் வீடு. போன வருசம் எங்கம்மா தவறுனதுக்கு அப்புறம் எனக்கு தூக்கமும் போச்சு சாப்பாடும் போச்சு, ரெண்டு வாய் உள்ள போனா பெருசு, புள்ளைக்கு தலை சீவி விடக்கூட கை எந்திரிக்காது. 54 கிலோ இருந்தவ 48க்கு வந்துட்டேன். வீட்டுக்காரரு தான் மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாரு, ராத்திரிக்கு மிர்டசபின் 15 எழுதிக் குடுத்தாங்க. பத்து நாள்ல தூங்க ஆரம்பிச்சேன், ரெண்டு மூணு மாசத்துல பழைய ஆளா ஆயிட்டேன், அந்த மாத்திரைய நான் குறையே சொல்ல மாட்டேன்.

ஆனா இப்ப 7 மாசம் ஆச்சு, எடை 60. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்துல ஒரு பசி வருது, அது சாதாரணப் பசி இல்லைங்க. நேத்து ராத்திரி 11 மணிக்கு லைட்டு கூட போடாம பிரிட்ஜ் வெளிச்சத்துல நின்னுக்கிட்டு மிச்சமிருந்த ரெண்டு பரோட்டாவ பிச்சுப் பிச்சு தின்னேன், சால்னா மேல எண்ணெய் உறைஞ்சு கெடந்துச்சு, அத சூடு பண்ணக்கூட பொறுமை இல்லாம வழிச்சு தின்னேன். தின்னு முடிச்சதும் ஒரே அழுகை.

அடுத்த மாசம் கொழுந்தன் கல்யாணம் வருது, ஒரு ஜாக்கெட்டும் கொக்கி மாட்டல, டெய்லர்ட்ட தையல பிரிச்சு விடச் சொன்னா உள்ள துணியே மிச்சமில்லம்மாங்குறாரு. மாமியாருக்கு நான் மாத்திரை சாப்பிடுறதே தெரியாது, அட்டைய கடுகு டப்பாக்குள்ள வச்சிருக்கேன். பாக்குறவுகல்லாம் நல்லா பூசுனாப்புல ஆயிட்டங்குறாக, எனக்கு அங்கிட்டுப் போய் கதவ சாத்திக்கலாம்போல இருக்கு. எனக்குத்தான் சரியாயிருச்சே, மாத்திரைய நிறுத்திட்டா எடை எறங்கிருமா? யாராச்சும் நிறுத்திப் பாத்திருக்கீங்களா?

உசிலம்பட்டி தம்பி:
அக்கா நான் நிறுத்திப் பாத்திருக்கேன், அதனால சொல்றேன், நீங்களா நிறுத்தாதீங்க. எனக்கு எஸ்சிடலோபிராம் 10, ஒரு வருசத்துல 5 கிலோ ஏறுச்சு, பேண்ட் பத்தலனு ஒரு நாள் அட்டையத் தூக்கி பரண்ல போட்டேன். ரெண்டு நாள் ஒண்ணும் தெரியல. மூணாம் நாள் பைக்குல போறப்ப தலைய திருப்புனா மண்டைக்குள்ள சுர்ர்ருனு கரண்ட் அடிச்சாப்புல இருக்கு, கண்ணக் கட்டுது, வண்டிய ஓரங்கட்டி உக்காந்துட்டேன். அப்புறம் வாந்தி வர்ற மாதிரி, எதுக்கெடுத்தாலும் கோவம், எங்கப்பாவையே வஞ்சுட்டேன். அது ரெண்டு வாரத்துல போச்சு, ஆனா அடுத்த மாசமே பழைய இருட்டு திரும்ப வந்துருச்சு. மறுபடி முதல்ல இருந்து மாத்திரை. அந்த ஒரு மாசத்துல எடை ஒரு கிலோ கூட குறையலக்கா.

திருநகர் பெரியவர்:
இந்த மாத்திரை எல்லாம் பழக்கப்படுத்திரும்மா. விட்டுட்டு காலைல யோகா, மூச்சுப்பயிற்சி பண்ணு, கொள்ளுத் தண்ணி குடி, உடம்பும் குறையும் மனசும் தெளியும். நம்ம முன்னோர்கள் என்ன மாத்திரையா தின்னாங்க.

மருந்துக்கடைக்காரன்:
ஐயா யோகா நல்லதுதான், அதுக்காக மாத்திரைய விடச் சொல்லாதீங்க, உங்க பேச்ச நம்பி ஒரு புள்ள நிறுத்துனா அப்புறம் யாரு பதில் சொல்றது. தூக்க மாத்திரைல சிலது பழக்கமாகும், இது அந்த வகையே இல்ல. திடீர்னு நிறுத்துனா உடம்பு தடுமாறும், அதான் அந்தத் தம்பிக்கு நடந்தது, அதுக்குத்தான் டாக்டருங்க கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துறது.

தங்கச்சி, நான் சிம்மக்கல் பக்கம் 15 வருசமா மருந்து எடுத்துக் குடுக்குறவன், டாக்டர் இல்ல. மிர்டசபினுக்குப் பசி எடுக்கும்ங்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், அது உங்க நாக்கு ருசி கண்டதால இல்ல. சளி அலர்ஜிக்கு பழைய மாத்திரை போட்டா கண்ணு சொக்குதுல்ல, அது ஹிஸ்டமின்ங்குற சமாச்சாரத்த அடைக்கும், இதுவும் அதையே நல்லா அடைக்குது, அதான் தூக்கமும் வருது பசியும் வருது. நீங்க தூங்காம சாப்பிடாம போய் நின்னதப் பாத்துட்டுத்தான் டாக்டர் இத எழுதியிருப்பாரு, அன்னிக்கு உங்களுக்கு அந்தப் பசி வேண்டியிருந்துச்சு. அதனால பரோட்டா தின்னதுக்காக அழுகாதீங்க.

இன்னொன்னு, நீங்க 48ல இருந்து கணக்குப் போடுறீங்க. 48 நீங்க சாப்பிடாம கெடந்தப்ப இருந்த எடை. உங்க எடை 54, அப்ப கூடுனது 6 கிலோ. 6ம் சும்மா இல்ல, ஆனா 12 இல்ல.

எல்லா மாத்திரையும் ஒண்ணு போல ஏத்தாது. அமிட்ரிப்டிலின், பராக்சடின், மிர்டசபின் இதெல்லாம் ஏத்துற பக்கம். செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் பொதுவா அம்புட்டு ஏத்தாது, நாள்பட கொஞ்சம் கூடலாம். ஃப்ளூவாக்ஸடின்ல ஆரம்பத்துல சிலருக்கு எறங்கக்கூட செய்யும். புப்ரோபியான் எடைய ஏத்தாது, ஆனா வலிப்பு வந்தவங்களுக்கு குடுக்க மாட்டாங்க, தூக்கம் கெடுறவங்களுக்கும் யோசிப்பாங்க. எது உங்களுக்கு ஒத்து வரும்னு டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்றத வச்சு கடைல போய் மாத்தி வாங்கிராதீங்க. சரியாயிருச்சுன்னு தோணுனதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் சாப்பிடச் சொல்றது எதுக்குன்னா, சட்டுனு விட்டா திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி.

ஒல்லியாகுற பவுடர், கேப்சூல்னு யாராச்சும் குடுத்தா தொடாதீங்க. அந்த மாதிரி சிலதுல சிபுட்ரமின் கலந்து பிடிபட்டிருக்கு, நம்ம நாட்டுல 2011லயே தடை பண்ணுன மருந்து, உங்க மாத்திரையோட சேந்தா ஆபத்து.

மேலூர் அக்கா:
என் கதையும் கேளு தங்கம். செர்ட்ரலின் சாப்பிட்டு எடை ஏறுதுன்னு ஒரு வருசம் அந்த மாத்திரையவே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன், முடி வேற கொத்துக் கொத்தா கொட்டுச்சு, மலம் இறுகிப் போகும், வெயில் காலத்துலயும் குளுரும். கடைசில டெஸ்ட் எடுத்தா தைராய்டு. அதுக்கு மாத்திரை போட்டதும் பாதி எறங்குச்சு. நம்ம பொம்பளைகளுக்கு தைராய்டு ரொம்ப பேருக்கு இருக்கு, அது குறைஞ்சாலும் மனசு சோர்ந்துதான் போகும், அதனால அந்த டெஸ்ட்டையும் கேட்டு எடுத்துரு. டாக்டர்ட்ட ஜாக்கெட் கதை, 11 மணி பசி எல்லாத்தையும் இதே மாதிரி சொல்லு, நல்லா இருக்கேன் சார்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துராத, நான் அப்படித்தான் ஒரு வருசத்த தொலைச்சேன்.

செலவு ஒரு பிரச்சனைனா பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை காசில்லாம குடுப்பாங்க. ராத்திரில மனசு ரொம்ப கெட்டுச்சுன்னா 14416க்கு போன் பண்ணு, 2022ல கவர்மெண்டு ஆரம்பிச்ச டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. அப்புறம் உன் வீட்டுக்காரரு கூட சேந்து தெப்பக்குளத்த நாலு சுத்து நட, எடைக்கு இல்லாட்டியும் தூக்கத்துக்கு ஆகும். கதவ மட்டும் சாத்திக்காத.

வண்டியூர்க்காரி:
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கங்க. நிறுத்தல. டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொன்னேன், பரோட்டா வரைக்கும். அவரு வையல, ஒவ்வொரு தடவையும் எடை பாத்திருக்கணும்மா, என் தப்புதான்னு சொன்னாரு, எனக்கு அங்கயே பாதி பாரம் எறங்கிருச்சு. மிர்டசபினக் குறைச்சுக்கிட்டே காலைல செர்ட்ரலின் ஆரம்பிச்சிருக்காரு, எந்த வாரம் எம்புட்டுன்னு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. மாறுற நேரத்துல தூக்கம் கெட்டா உடனே போன் பண்ணணுமாம். மொத நாலு நாள் கெட்டுச்சு, வயிறும் ஒரு மாதிரி பொரட்டுச்சு, இப்ப பரவால்ல. 11 மணிப் பசி பாதியா குறைஞ்சிருக்கு. எடை அதே 60தான், ஏறல.

கல்யாணத்துக்கு புது ஜாக்கெட்டே தைக்கக் குடுத்துட்டேன், உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டு. மாமியாட்ட சொல்லிட்டேன். அவுக ஒண்ணும் சொல்லாம கடுகு டப்பாவ எடுத்து, அட்டைய சாமி ரூம் அலமாரில அவுக பிரஷர் மாத்திரை பக்கத்துல வச்சுட்டாக.

மேலூர் அக்கா, தைராய்டும் சுகரும் எழுதிக் குடுத்திருக்காரு, வெறும் வயித்துல போகணுமா?

மருந்துக்கடைக்காரன்:
தைராய்டுக்கு கட்டாயம் இல்லம்மா. சீட்டுல சாப்பிடாம பாக்குற சுகர்னு இருந்தா முந்துன ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 8 மணி நேரமாச்சும் தண்ணி மட்டும். மூணு மாச சராசரி சுகர்னா சாப்பிட்டே போகலாம். காலைல செர்ட்ரலின எப்ப போடுறதுன்னு லேப்ல கேக்காதீங்க, டாக்டர்ட்டயே கேட்டுக்கங்க.