படத்துக்குப் பின்னால் இருந்த தாள்கள்

சிறுவயதில் வரைந்தவற்றுக்கும் இப்போது செய்யும் வேலைக்கும் கடவுள் நம்பிக்கைக்கும் தொடர்பு உண்டா என்பது பற்றி இங்கே நண்பர்கள் எழுதியவற்றைப் படித்தபின், சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்வதற்கு என் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதுபவர். சுண்ணாம்புப் பொடியில் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டுக் கோடு போடுவார்; அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே, முன்கூட்டி எதையும் வரைந்து பார்க்காமல், எனாமல் பெயின்டில் எழுத்தை இறக்குவார். வேளாங்கண்ணி மாதாவுக்கும் அங்காள பரமேசுவரிக்கும் அவர் போடும் எழுத்து ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். 2001இல் மீன்பிடித் தடைக்காலம் வந்ததிலிருந்து, படகுகள் பழுதுபார்க்க நிற்கும் அந்த 45 நாள்களில்தான் அவருக்குப் பெரும்பாலான வேலை கிடைத்தது; 2017 முதல் தடைக்காலம் 61 நாள்களாக நீண்டதைக் கரையில் எல்லோரும் குறைசொன்னபோது, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மகிழ்ந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்கு எழுத்துத் தெரியாத வயதில் மாதக்காட்டியின் பின்பக்கத்தில் படகு வரைவேன். படகு எளிதாக வந்துவிடும். பக்கவாட்டில் பெயர் எழுத வேண்டுமே! அப்பா எழுதுவதைப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்திருந்த சுழிகளையும் கொம்புகளையும் கால்களையும் வரிசையாகப் போட்டு, மேலே சில புள்ளிகளையும் வைத்துவிடுவேன். அது எந்த மொழியும் இல்லை. ஒருநாள் அப்பா அதைக் கையில் எடுத்து, “இன்னாடா எழுதிக்கீற?” என்று கேட்டார். “படகு பேருப்பா” என்றேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சரி உடு, கடல்ல யாரு படிக்கப் போறா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சில மாதங்களில் அந்த எழுத்து என் கையைவிட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி அப்போது நான் வருந்தியதாக நினைவில்லை. ‘அ’வை ஒழுங்காக எழுதிய பெருமைதான் நினைவிருக்கிறது.

பின்னர், 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய, பெரியமேட்டில் இருக்கும் நம் கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே உடலை வரையக் கற்றேன். மெரினாவில் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம் அது என்பதால், வலை இழுப்பவரின் தோளையும் கூடை தூக்குபவரின் கழுத்தையும் ஊரில் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பாடம் சொந்தப் பாடமாகவே இருந்தது. அதே ஆண்டுகளில் சாமி கும்பிடுவதை விட்டேன். அதில் பெரிய போராட்டம் எதுவும் இல்லை. படித்தவற்றாலும் நண்பர்களோடு பேசியதாலும் விட்டுப்போனது, அவ்வளவுதான். அம்மா கோயிலுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

ராய் சௌத்ரிக்குப் பின் கல்லூரி முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களை நூலகத்தில் அச்சுப் பிரதிகளாகப் பார்த்தேன். மலையாளம்போலத் தெரிந்தும் வாசிக்க வராத எழுத்து, கட்டங்கள், ஜாதகக் குறிப்பேடுபோல ஒரு பரப்பு. ஏமாற்று வேலை என்றே நினைத்தேன். எழுத்து என்றால் வாசிக்கப்பட வேண்டும் என்பதில், பெயர் எழுதுபவர் மகனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியராக இருந்துகொண்டே படங்கள் வரைந்தேன். சில கண்காட்சிகளில் வைத்தேன், சில விற்றன. விற்றவை எல்லாம் ஒரே மாதிரியானவை: குத்துச்சண்டைக்காரர், மீன் விற்கும் அம்மா, கரையில் சாய்ந்து கிடக்கும் கட்டுமரம். வடசென்னை என்றால் பிறர் எதை எதிர்பார்ப்பார்களோ அதையே நான் பிழையில்லாமல் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு படத்தை முடிக்கும்போதும் எனக்கு அதில் புதிதாகத் தெரிந்தது எதுவும் இருக்காது.

சென்ற ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமிக்கு அம்மாவால் தனியாகப் போக முடியாததால், திருவொற்றியூருக்குத் துணைக்குப் போனேன். தியாகராஜர் கோயிலில் மூலவரான ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். பல மணி நேரம் வரிசையில் நின்றோம். நிற்கும்போது விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இராசேந்திர சோழன் காலத்தில் அதைக் கல்லால் எழுப்பிய வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. எத்தனையோ படகுகளுக்குப் பெயர் எழுதிய அப்பா ஒன்றில்கூடத் தம் பெயரைப் போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சன்னிதிக்கு முன் எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகள். தைலம் மின்னும் கருமையான ஒரு வடிவம். கண் இல்லை, முகம் இல்லை, கோடு போட்டுப் பிடிக்க ஓர் ஓரம்கூட எனக்குத் தட்டுப்படவில்லை. பழக்கத்தில் என் விரல் தொடையில் வரையத் தொடங்கி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் வெளியே வந்தபிறகும் நெடுநேரம் பேச முடியவில்லை. இதை நம்பிக்கை திரும்பி வந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரையத் தெரிந்தவன் என்ற நினைப்பு கொஞ்சம் கழன்றது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான், நான் தொடக்கத்தில் சொன்ன விஷயம் நடந்தது. பூசை அலமாரியில் வடிவுடை அம்மன் படத்தின் கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தது. மாற்றுவதற்காகச் சட்டத்தைக் கழற்றியபோது, அட்டைக்கும் படத்துக்கும் நடுவிலிருந்து மடித்த தாள்கள் விழுந்தன. நான்கு படகுகள். ஒவ்வொன்றிலும் அந்த எழுத்து. எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுத்திருந்தாலும், பென்சில் கோட்டின் அழுத்தம் அப்படியே இருந்தது. எழுதியவனுக்குத் தயக்கம் என்பதே இல்லை.

ஏன் அங்கே வைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “நீ எழுதனது யாருக்கும் புரியல. அவளுக்குப் புரியுமேன்னு வச்சேன்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கடைக்காரர் கேட்ட விலை அதிகம் என்று புலம்பத் தொடங்கினார்.

அன்று இரவு பணிக்கரின் படங்களை மறுபடியும் பார்த்தேன். அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்த இளைஞன்மேல் கோபம் வந்தது. ஆறு வயதுக்கு முன் நானே செய்த வேலையை அவன் அடையாளம் காணவில்லை. இப்போது பெரிய துணிகளில் அந்த எழுத்தைப் போட்டுப் பார்க்கிறேன். அப்பாவின் நூலாலேயே கோடு தட்டிக்கொள்கிறேன். பெரும்பாலும் தோற்கிறேன், தெரிந்த எழுத்துகள் உள்ளே புகுந்துவிடுகின்றன, ஓரிடத்தில் ‘ழ’ என்று கண்டுபிடித்துவிட முடிகிறது. இதுவரை ஒன்றுகூட விற்கவில்லை.

அந்தத் தாள்களை எடுத்துப் பத்திரப்படுத்தலாம் என்றிருந்தேன். புதுக் கண்ணாடி போட்டு வந்ததும், அம்மா என்னைக் கேட்காமலேயே அவற்றை முன்போல மடித்து அம்மனுக்குப் பின்னால் வைத்துச் சட்டத்தை ஆணியடித்துவிட்டார். என்னிடம் இருப்பவை கைப்பேசியில் எடுத்த இரண்டு படங்கள்தான். அவற்றிலும் ஒன்று மங்கல்.