வாசல் பலகையில் லயனெஸ்

மீனா: 14ஆம் தேதி காலை பால் காய்ச்சுகிறோம். அழைப்பிதழ் இன்றிரவே போக வேண்டும். வாசலில் 'லயனெஸ்' என்று பழைய பலகை இருக்கிறது. அதையே வீட்டுப் பெயராகப் போடலாமா?

சுந்தர்: பெண் சிங்கமா அக்கா?

ரகு மாமா: சிங்கம் இல்லை. ஆர்தர் மன்னர் கதைகளில் வரும் நாடு, டிரிஸ்டனின் சொந்த ஊர். மீனா, இங்கிலாந்தின் தென்மேற்கில் நீ இருக்கும் கார்ன்வாலின் மேற்கு முனை லேண்ட்ஸ் எண்ட். அங்கிருந்து சில்லித் தீவுகள் சுமார் 45 கிலோமீட்டர். நடுவில் இருந்த அந்த நாட்டைக் கடல் கொண்டதாம். 140 தேவாலயங்கள் முழுகினவாம். ட்ரெவெல்யன் என்பவர் மட்டும் வெள்ளைக் குதிரையில் கரை சேர்ந்தாராம்.

வசந்தி அத்தை: அம்மாச்சி சொல்லச் சொன்னார்கள். கடல் கொண்ட ஊரின் பெயர் வாசலில் வேண்டாமாம்.

சுந்தர்: போச்சு.

பெரியம்மா: போன வீட்டுக்குத்தான் எங்களைக் கூப்பிடவில்லை. இதற்காவது அழைப்பு உண்டே.

மீனா: பெரியம்மா, அது வாடகை வீடு!!

ரகு மாமா: முழுசாகக் கேளுங்கள். முழுகிய கதை பிற்பாடு ஒட்டியது. ஆர்தர் கதைகளைத் தொகுத்து மாலரி எழுதி 1485இல் அச்சான நூலில் லயனெஸ் உண்டு, கடல்கோள் கிடையாது. 1602இல் ரிச்சர்ட் கேரு கார்ன்வாலைப் பற்றி எழுதியதில்தான் முழுகுகிறது. அந்தப் பெயரே ஸ்காட்லாந்தின் லோதியனிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலுள்ள லியோன் என்பாரும் உண்டு. பெயர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சுந்தர்: டிரிஸ்டன் என்றால் மாமாவுக்குப் பேசிய பெண்ணைக் காதலித்தவர்தானே?

ரகு மாமா: ஆமாம். மாமா மார்க் மன்னர்.

சுந்தர்: பாவம் மாமா.

பெரியம்மா: டேய்.

மீனா: எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. சில்லியில் சாம்சன் தீவுப் பக்கம் நீர் வற்றியபோது பார்த்தேன், மணலில் வரிசையாகக் கல் வரப்பு, மேலே பாசி. யாரோ உழுத வயல்.

ரகு மாமா: அது நிஜம். அந்தத் தீவுகளில் பலவும் ஒரு காலத்தில் ஒரே நிலம். கடல் மெல்ல மெல்ல ஏறிப் பிரித்தது. ஒரே இரவில் இல்லை.

வசந்தி அத்தை: மெல்ல ஏறினாலும் கடல் கடல்தானாம். 'முருகன் இல்லம்' என்று வைக்கச் சொல்கிறார்கள்.

பெரியம்மா: தம்பி, இதை விடு. பர்மிங்ஹாமிலிருந்து குருக்கள் எப்படி வருகிறார்? முந்தின நாளே வந்தால் எங்கே தங்குவார்?

மீனா: அழைப்பிதழில் கதவு எண் மட்டும் போடுகிறேன். பலகையை இப்போது கழற்றவில்லை. மாமா, அம்மாச்சியிடம் நீங்களே பேசுங்கள்.

ரகு மாமா: ஞாயிறு பேசுகிறேன்.

சுந்தர்: குருக்களுக்கு ரயிலா காரா?